உடைந்த கப்பலில் யாருக்கு எத்தனை பங்கு? ஊர்காவற்றுறையில் ஒரு நாள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் நயினாதீவு தெரியும். பஸ் பிடிச்சுக் குறிகட்டுவான், அங்கிருந்து வள்ளம், அம்மனைக் கும்பிட்டு அன்னதானம், பின்னேரம் வீடு. நெடுந்தீவும் இப்ப எல்லாருடைய போனிலும் இருக்கு: குதிரை, பெருக்கமரம், பவளக்கல் மதில். ஆனால் அதே பண்ணைப் பாலத்தைத் தாண்டிப் போய் இன்னொரு பக்கம் திரும்பினால் வரும் ஊர்காவற்றுறைக்குப் போகப்போறம் என்று சொன்னபோது, விடுதியில் இருந்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க என்ன கிடக்கு?"

நாங்கள் நாலு பேர் போனோம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பன். 1990 இல் வெளிக்கிட்டவ, திரும்பிப் போய் இருக்கவில்லை. போறம் என்று சொன்னதும் அவ கேட்டது கோட்டையையும் இல்லை, கோயிலையும் இல்லை. "எங்கட கிணத்தை ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ பிள்ளையள். ஒரு வாய் அள்ளிக் குடிச்சுப் பாருங்கோ, நல்ல தண்ணியோ எண்டு."

பங்குனி வெயில். குறிகட்டுவான் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை, ஊர்காவற்றுறை பஸ்ஸில் இருக்கை கிடைச்சது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெறுங்கூடையோடு மீன் வாங்கப் போகிற அம்மா ஒராள், நீதிமன்றத் தவணைக்குப் போகிற இரண்டு பேர். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று பஸ் நின்று நின்று போகும். இரண்டு பக்கமும் பனை, பனைக்குப் பின்னால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிற கடல்.

அல்லைப்பிட்டியைக் கடக்கும்போது எங்களில் தொல்லியல் படிக்கிறவன் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். அங்கே 1970களின் பிற்பகுதியில் ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் சீன மட்பாண்டத் துண்டுகளைக் கண்டெடுத்தார். 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருந்து வந்த குழுவும் அங்கே அகழ்ந்து பார்த்தது. கிடைத்தவற்றில் பெரும்பகுதி வட சொங் அரசமரபுக் காலத்தவை, அதாவது ஏறக்குறைய ஆயிரம் வருசப் பழசு. சீனாவில் சுட்ட சட்டியும் கோப்பையும் அந்தக் காலத்திலேயே இந்தக் கடலுக்குள் வந்திருக்கு. இப்ப அந்த இடத்தில் ஆடு மேயுது.

துறை

ஊர்காவற்றுறைப் பட்டினம் சின்னது. பத்து நிமிசத்தில் நடந்து முடிச்சிடலாம். கடைத்தெரு, நீதிமன்றம், அந்தோனியார் கோயில், பள்ளிக்கூடம், பிறகு கடல். இறங்குதுறையில் காரைநகருக்குப் போகிற "பாதை" நின்றது. தெற்கில் இருந்து வந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லவேணும்: எங்கட பக்கம் பாதை என்றால் றோட்டு மட்டுமில்லை, சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஆக்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவைக்கும் பெயர் பாதைதான்.

துறையில் நின்று பார்த்தால் நடுக்கடலில் ஒரு கோட்டை தெரியும். சுற்றிவரத் தண்ணி, எட்டு மூலை மதில். மர நிழலில் வலை தைச்சுக்கொண்டிருந்த ஐயா ஒருத்தர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊர்ப் பிள்ளையள்? கோட்டைக்குப் போறதெண்டா காரைநகர்ப் பக்கத்தால போகோணும். இப்ப நேவியின்ர ஹொட்டேல் அது. எங்களுக்கு அது பூதத்தம்பி கோட்டை." பிறகு கேட்டார்: "படிக்கிற பிள்ளையள்தானே, இந்தத் துறைக்கு எத்தினை வயசெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

நாங்கள் போர்த்துக்கேயர் காலம் என்று சொன்னோம். அவர் சிரிச்சார். அவர் சிரிச்சது சரி. எங்கட பதில் கிட்டத்தட்ட 450 வருசம் குறைவு.

கல் சொல்லுறது

இந்தத் துறையைப் பற்றிய மிக முக்கியமான எழுத்து ஊர்காவற்றுறையில் இல்லை, நயினாதீவில் இருக்கு. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு. நாங்கள் எல்லாரும் பத்துத் தரமாவது அதைத் தாண்டிப் போயிருப்போம். பொலன்னறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. 1960களில் பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து வெளியிட்டார். எழுதப்பட்ட மொழி தமிழ்.

அதில் உள்ள செய்தியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர்கள், ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவை. ஆகவே அவற்றைக் கொண்டுவரும் கப்பல் இங்கே உடைந்தால் நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் எடுத்துக்கொண்டு, மூன்று பங்கை உடையவனுக்கு விடவேண்டும். வேறு சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு.

அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை என்று ஆய்வாளர்கள் அடையாளம் காணுகிறார்கள். கதைக்கும்போது இன்றைக்கும் எங்கட ஆக்களின் வாயில் வருகிற "ஊராத்துறை"க்கு 850 வருச எழுத்துச் சாட்சி இருக்கு.

இந்தக் கல்வெட்டைப் பற்றி இணையத்தில் தேடினால் சண்டைதான் அதிகம். ஒரு பக்கம், "பாத்தீங்களா, வடக்கையும் சிங்கள அரசன் ஆண்டான்" என்கிறது. மற்றப் பக்கம், "பாத்தீங்களா, பொலன்னறுவை அரசனே இங்க தமிழிலதான் எழுதினான்" என்கிறது. இரண்டு தரப்பும் சொல்லுற செய்தி கல்லில் இருக்கத்தான் செய்யுது. துறைக்கு வந்துபோன வணிகர்களுக்கு விளங்கவேணும் என்றால் அவர்கள் வாசிக்கிற மொழியில்தான் எழுதவேணும், அதுவும் அரசனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனால் உடைந்த கப்பலைப் பற்றிய பகுதியை இரண்டு தரப்பும் தாண்டிப் போகிறார்கள். எங்களைப் பிடிச்சு நிறுத்தினது அந்தப் பகுதிதான்.

அந்தக் காலத்துக் கடற்கரைகளில் கரையொதுங்கின கப்பல் கரையை ஆளுகிறவனுக்கே என்ற வழக்கம் பல இடங்களில் இருந்தது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்ற துறையில், காகதீய அரசன் கணபதிதேவன் 1244 அளவில் வெட்டுவித்த கல்வெட்டு இதை வெளிப்படையாகச் சொல்லுது: முன்னைய அரசர்கள் புயலில் சிக்கின கப்பல்களின் சரக்கைப் பறித்தார்கள், நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம், வரி மட்டும் எடுப்போம் என்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாக ஊராத்துறைக்கு ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கு. பராக்கிரமபாகு தருமவான் என்று சொல்ல வரவில்லை. யானையும் குதிரையும் வரவேணும் என்ற தேவைதான் அந்த முக்கால் பங்குக்குக் காரணம், அதைக் கல்லே ஒளிக்காமல் சொல்லுது. என்றாலும் ஒரு விசயம் அதில் இருக்கு. எல்லாம் போனவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று எழுதி வைச்சிருக்கிறார்கள்.

அதே அரசன் இதே துறையைப் போருக்கும் பயன்படுத்தினான். இரண்டாம் இராஜாதிராஜ சோழன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஊராத்துறை, மாதோட்டம் போன்ற இடங்களில் பராக்கிரமபாகு கப்பல் கட்டிப் படை சேர்த்ததையும், சோழர் தரப்பு அந்த இடங்களைத் தாக்கி அழித்து யானைகளைப் பிடித்துக்கொண்டு போனதையும் சொல்லுகிறது. வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுத்த துறை எரிந்த துறையாகவும் இருந்திருக்கு. எந்தப் படை வந்தாலும் முதலில் கால் வைக்கிற இடம் துறைதானே.

யானை ஏறின இடம்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தத் துறைக்கு யானை வரவேணும் என்று ஆசைப்பட்டார்கள். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த பிறகு இதே துறையால் யானை வெளியே போனது. "கய்ஸ்" என்றால் போர்த்துக்கேய மொழியில் இறங்குதுறை. யானைகளின் துறை என்று அவர்கள் வைத்த நீளமான பெயர் தேய்ந்து, கடைசியில் "கயிட்ஸ்" ஆகி ஆங்கில வரைபடத்தில் நிற்கிறது. பெயர்ப்பலகையில் இருக்கிற யானை அழிஞ்சு, துறை என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கு.

வன்னியிலும் அதற்கு அப்பாலும் பிடித்த யானைகளை ஆனையிறவால் குடாநாட்டுக்குள் நடத்திக்கொண்டு வந்தார்கள். ஆனையிறவுக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். பிறகு ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானை ஏலம் நடந்தது. கோல்கொண்டாப் பக்கத்தில் இருந்தும் வங்காளத்தில் இருந்தும் வாங்க வந்தார்கள். ஒவ்வொரு யானையின் உயரமும் விலையும் கணக்கில் ஏறியது. அதைப் பிடிச்சவன், காட்டு வழியாக நடத்தினவன், துறையில் தண்ணி காட்டினவன் பெயர் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

இந்தப் பணத்தைக் காக்கத்தான் கோட்டைகள். கரையில் ஊருண்டிக் கோட்டை, கடலில் மற்றது. ஊருண்டிக் கோட்டையை நாங்கள் தேடிப் போனோம். பற்றைக்குள் பவளக்கல்லும் சுண்ணாம்பும் தெரியுது, சுவரில் ஆலமரம் வேர்விட்டிருக்கு. கடற்கோட்டை மட்டும் நல்லா இருக்கு. 1658 இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த போர்த்துக்கேயர் சரணடைந்ததற்கு முக்கிய காரணம் பீரங்கி இல்லை, குடிதண்ணி முடிஞ்சதுதான். ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். இலங்கை அவர்களின் கண்ணுக்குப் பன்றித்தொடை வடிவில் தெரிந்தது, இந்த இடம் அதன் குதிக்கால். வேலணைத்தீவுக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடெல்பேர்க், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று தங்கட ஊர்ப் பெயர்களையும் பகிர்ந்து கொடுத்தார்கள். டெல்ஃப்டைத் தவிர ஒன்றும் ஊரோடு ஒட்டவில்லை.

வலை தைச்ச ஐயா சொன்ன பூதத்தம்பி கதையும் இந்த நேரத்தில்தான் வருகுது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் அது இருக்கு, கூத்தாகவும் ஊர் ஊராக ஆடப்பட்டிருக்கு. பூதத்தம்பி ஒல்லாந்தரிடம் வேலை பார்த்த தமிழ்ப் பிரதானி. அந்திராசி என்பவன் பூதத்தம்பியின் மனைவி மீது கண்வைக்கிறான், அவள் அவமானப்படுத்தி அனுப்புகிறாள். பழிவாங்க, ஊர்காவற்றுறைக் கோட்டைக்கு மரம் வேணும் என்று சொல்லி வெறுந்தாளில் பூதத்தம்பியின் கையெழுத்தை வாங்கி, அதைப் போர்த்துக்கேயருக்கு எழுதின துரோகக் கடிதமாக மாற்றுகிறான். விசாரணை சரியாக இல்லாமல் பூதத்தம்பி கொல்லப்படுகிறான். உறவினர் கொழும்புக்கு முறையிட, விசாரணைக்குப் போகிற வழியில் அந்திராசியை யானை மிதிச்சுக் கொல்லுது.

1658 இல் ஒல்லாந்தருக்கு எதிரான சதி என்று சொல்லிப் பலர் தண்டிக்கப்பட்டது வரலாறு. பால்தேயஸ் பாதிரியார் அதைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் சனம் ஞாபகம் வைச்சிருக்கிறது ஒல்லாந்தரின் கதையை இல்லை, வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டு அழிஞ்ச மனுசனின் கதையை. நீதி கிடைக்காத இடத்தில் யானையைக் கொண்டுவந்து நீதி செய்விச்சிருக்கிறார்கள். ஊர்காவற்றுறையின் யானை, வியாபாரக் கணக்கில் ஒரு சரக்கு. கூத்தில் அது நீதிபதி.

கோட்டையின் பிற்காலம் நீளம். அது நோயாளிகளைப் பிரித்து வைக்கிற இடமாக இருந்தது, சிறையாக இருந்தது, 1971 கிளர்ச்சிக்குப் பிறகு ஜேவிபி இளைஞர்களை அடைத்த இடமாகவும் இருந்தது. எங்கட வயசுப் பெடியள். அவர்கள் இருந்த கோட்டையில் இப்ப அறை வாடகைக்கு எடுக்கலாம்.

போனவை

பாய்க்கப்பல் காலம் முழுக்க ஊர்காவற்றுறை உயிரோடு இருந்தது. யாழ்ப்பாணப் புகையிலை இந்தக் கடலால் திருவிதாங்கூருக்குப் போனது, இந்தியக் கரையில் இருந்து நெல்லும் துணியும் வந்தன. 1905 இல் கொழும்பில் இருந்து காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கின பிறகு, சரக்கு தெற்கில் இருந்து தண்டவாளத்தில் வந்தது. துறை ஒரே நாளில் சாகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குப்புறமானது.

அப்படி ஒதுங்கத் தொடங்கின காலத்தில்தான், 1913 இல், கரம்பனில் சேவியர் தனிநாயகம் அடிகள் பிறந்தார். புனித அந்தோனியார் கல்லூரியில் கொஞ்சக் காலம் படிச்சவர். பிறகு உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964 இல் தொடங்கி, 1966 இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினவர். எங்களுக்கு அதைவிடப் பிடிச்சது அவருடைய தேடல். ஐரோப்பிய நூலகங்களில் ஏறி இறங்கி, 1554 இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் சமயச் சிறுநூலை எங்கட உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். 1679 இல் அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதியை மறுபதிப்புச் செய்தார். போர்த்துக்கேயன் பெயர் வைச்ச துறையில் இருந்து ஒருத்தர் புறப்பட்டுப் போய், போர்த்துக்கேயன் கொண்டுபோன தமிழைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

எல்லாருடைய பயணமும் அப்படி இல்லை. 1990 ஆகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிபட்டுக் காணாமல் போன ஆண்களை இன்றைக்கும் குடும்பங்கள் தேடுகின்றன. தீவகச் சனத்தில் பெரும்பகுதி குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்தில் இருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 1992 ஆகஸ்ட் 8 அன்று இந்தத் தீவின் அராலி முனையில் தளபதி டென்சில் கொப்பேகடுவ கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். தெற்கில் பலருக்கு இந்த ஊரின் பெயர் தெரிஞ்சது அந்தச் செய்தியால்தான். ஒரு ஊரின் பெயர் இன்னொருவருக்கு ஒரு மரணமாக மட்டும் தெரிஞ்சிருக்கிறது எங்களுக்குப் புதுசில்லை. எங்களுக்கும் தெற்கில் பல ஊர்கள் அப்படித்தான் தெரியும்.

கிணறு

பின்னேரம் மூன்று மணிக்குக் கரம்பனுக்கு நடந்தோம். அம்மம்மா சொன்ன அடையாளம்: ஒழுங்கை முடக்கில் புளியமரம், அதுக்கு அங்கால நாலாவது வளவு. புளியமரம் இருந்தது. வளவுக்கு வேலி இல்லை. வீட்டில் கூரை இல்லை, யன்னல் நிலை இல்லை, சீமெந்து நிலத்தைப் பிளந்து வேம்பு நிற்குது. கிணறு அப்படியே இருந்தது. கட்டில் கயிறு அறுத்த தடமும் இருந்தது.

பக்கத்து வளவு அம்மா வாளி தந்தா. "இது முந்தி இந்த ஒழுங்கைக்கே நல்ல தண்ணிக் கிணறு. இப்ப கனகாலம் அள்ளாமல் கிடக்கு, குடிக்காதேங்கோ," என்றா. நாங்கள் ஒரு வாய் வைச்சுப் பார்த்தோம். கொஞ்சம் உவர். அம்மம்மாவுக்கு என்ன சொல்லுறதென்று பஸ் முழுக்க யோசிச்சோம். கடைசியில் உள்ளதைச் சொன்னோம். "இறைச்சு விட்டால் ஊறும்," என்று சொல்லிப் போட்டு அவ வேற கதைக்குப் போயிட்டா.

அந்த நயினாதீவுக் கல்லை நாங்கள் இப்ப திரும்ப வாசிக்கிறோம். அது யானைக்கும் குதிரைக்கும் சரக்குக்கும் கணக்கு எழுதின கல். வீட்டுக்கும் கிணத்துக்கும் காணாமல் போனவனுக்கும் அதில் விகிதம் இல்லை. ஆனால் ஒரு அரசு, உடைஞ்ச கப்பலின் சொந்தக்காரனைப் பார்த்து, "இவனுக்கு எவ்வளவு திரும்பக் கொடுக்கவேணும்?" என்ற கேள்வியைக் கேட்டு, பதிலை எல்லாரும் வாசிக்கிற மொழியில், துறைக்கு வாறவன் பார்க்கிறமாதிரி எழுதி வைச்சது. 1990 இல் உடைஞ்சதற்கு அப்படி எழுதின கல் எங்கே? நாங்கள் அரசாங்கத்தைப் பார்த்து மட்டும் கேட்கவில்லை. எங்களை நோக்கியும் கேட்கிறோம். முஸ்லிம் அயலவர் விட்டுப்போன கடைக்கும் வளவுக்கும் எங்கட ஆக்கள் என்ன கணக்கு வைச்சார்கள்?

ஊர்காவற்றுறையின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் அங்கே வந்து போனவர்களின் வரலாறு: அரசர், கப்பித்தான், பாதிரி, தளபதி. இருந்தவர்களின் வரலாறு புளியமரத்தில் இருந்து நாலாவது வளவு என்ற அளவில், எழுபது எண்பது வயசுக்காரரின் வாயில் நிற்குது. நாங்கள் அம்மம்மாவின் குரலைப் போனில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை நாற்பது நிமிசம். அந்த ஒழுங்கையில் 1990 இல் இருந்த பதினொரு வீட்டுக்காரரின் பெயரும் வந்திட்டுது, யார் யார் எந்த நாட்டில் என்பதும் வந்திட்டுது. பன்னிரண்டாவது வீட்டுக்காரரின் பெயர் மட்டும் அவவுக்கு ஞாபகம் வரவில்லை. யோசிச்சுச் சொல்லுறன், ஞாயிற்றுக்கிழமை வாங்கோ என்றா.

உங்கட வீட்டிலும் ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், எந்த ஊராக இருந்தாலும், இந்த ஞாயிறே தொடங்குங்கோ.